ஸ்டோர் ரூமில் வைத்த மசால்வடை

இது நடந்த கதை. போன மாசி மாதம், எங்கள் தெருவில், ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது. கூட்டிச் சொல்லி ரசிப்பதற்கு எங்கள் தெருவில் வேறு எத்தனையோ வீட்டுக் கதைகள் இருக்கின்றன. இதற்குக் கண், காது, மூக்கு வைக்க வேண்டிய தேவையே இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் கதிரவன் சாரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் போய்க் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை.

கதிரவன் சார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவர். வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். கை தட்டினால் எரியும் விளக்கு மாட்டியிருந்தார். கொசு அடித்தாலும் அது எரிந்தது. வாசலில் ஆள் வந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் அழைப்பு மணி வைத்திருந்தார். ஆடு வந்தாலும் அது அனுப்பியது. மனைவி சிவப்ரியாவுக்கு நெடுங்காடு தாய்வீடு. பிரசவத்துக்குப் போனவள் மார்கழியில் ஆண் குழந்தை பெற்றாள். செம்பியன் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்குக் குழந்தையோடு வீட்டுக்குள் வருவதாக ஏற்பாடு.

நடுவில் எலி புகுந்தது.

சம்பா அறுத்து வயல் காய்ந்துவிட்டால் எலிகள் ஊருக்குள் குடிவருவது எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்தத் தடவை அத்தனை எலியும் கதிரவன் சார் வாடகைக்கு இருந்த வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டே வந்தாற்போல இருந்தது. குழந்தைக்கு வாங்கி வைத்த கொசுவலையில் ஓட்டை. ரப்பர் ஷீட்டில் கடி. அதை வாய் சும்மா இருக்காமல் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டார்.

"ஏங்க, இன்னைக்கு ரப்பர் ஷீட்டைக் கடிச்சது நாளைக்குப் புள்ள காதைக் கடிக்காதா? ஒரு எலி இருந்தாலும் நான் வர மாட்டேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுகூட இருக்காது ப்ரியா."

"இருந்துச்சுன்னா அஞ்சாம் மாசந்தான். எங்கம்மா இப்பவே அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு."

பெற்ற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் மனிதருக்கு இன்னும் இரண்டு மாதம் என்பது எப்படி இருந்திருக்கும்? அன்று மாலையே இரண்டு எலக்ட்ரானிக் எலிப்பொறிகளுக்கு ஆர்டர் போட்டார்.

சனிக்கிழமை பெட்டிகள் வந்தன. செருப்புப் பெட்டி அளவில், கறுப்பாக. ஒரு பக்கம் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இரண்டு இரும்புத் தகடுகள். கடைசியில் தீனி. எலி இரண்டு தகடுகளிலும் கால் வைத்தால் 'டிக்' என்று ஓர் ஓசை, பிறகு சில நொடி மின்சாரம். பச்சை விளக்கு சிவப்பாகும். போனுக்குச் செய்தி போகும். ஒரு நிமிடத்தில் பெட்டி அடுத்த எலிக்குத் தயாராகிவிடும்.

இதை அவர் மதில் ஓரமாக நின்று ஷஃபீனா அக்காவுக்கு விளக்கினார். ஷஃபீனா அக்கா பக்கத்து வீடு. எங்கள் தெருவின் செய்தி நிலையம் என்றே சொல்லலாம்.

"தம்பி, மெல்லமா பேசுங்க! எலிக்கு வைக்கிறதை வாய்விட்டு யாராவது சொல்லுவாங்களா? அது காதுல விழுந்துச்சுன்னா அந்தப் பக்கமே வராது."

"எலிக்குத் தமிழ் தெரியுமாக்கா?"

"நீங்க படிச்சவங்க, சிரிப்பீங்க. நாங்கல்லாம் பொறி வச்சா, மருந்து வச்சா, வூட்டுல இருக்கிறவங்களுக்கே சொல்ல மாட்டோம்."

இது உண்மைதான். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் எங்கள் பக்கத்தில் எலிக்கு வைப்பதை வாயால் சொல்வது கிடையாது. வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். கதிரவன் சார் சிரித்தார். ஆனால் பெட்டிகளோடு வீட்டுக்குள் போனதும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பூனை மாதிரிதான் நடந்தார். ஒன்றை அடுப்படியில் வைத்தார். இன்னொன்றை ஸ்டோர் ரூமில், அலமாரிக்குக் கீழே. இரண்டிலும் தேங்காய்ச் சில்லு.

ஞாயிறு அதிகாலை 3.12க்கு முதல் எலி. 4.05க்கு இரண்டாவது. படம் எடுத்து நெடுங்காட்டுக்கு அனுப்பினார்.

"சாப்புடுற நேரத்துல எலி போட்டோ எதுக்குங்க?" என்று பதில் வந்தது.

பெருமைக்கு அளவே இல்லை. திங்கட்கிழமை காலை, தேங்காய் தீர்ந்துபோனதால், டீக்கடையில் ஒரு மசால்வடை வாங்கிவந்து ஸ்டோர் ரூம் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

மத்தியானம் 12.40. போனில் செய்தி. ஸ்டோர் ரூம் பெட்டியில் ஏதோ பிடிபட்டிருக்கிறது.

பட்டப்பகலில் எலியா என்று நினைத்துக்கொண்டார். மாலை வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு மினுக்கியது. உள்ளே எலி இல்லை.

வடை இருந்தது. ஒரு பக்கம் கடித்திருந்தது. எலி கொறித்தால் பொடிப்பொடியாக உதிரும். இது ஒரே கடி. பிறை மாதிரி, வழவழப்பாக...

தகட்டில் ஒரே ஒரு சொட்டு. வெள்ளையாக.

பல்லி எச்சம் என்று துடைத்துப் போட்டார். துடைத்த துணியில் ஒரு வாடை வந்தது. பால், பூண்டு, வசம்பு. எங்கேயோ பழகிய வாடை. முந்தின நாள் நெடுங்காட்டில் சிவப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே வாடை. சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். அன்று அவர் போட்டிருந்தது வேறு சட்டை.

செவ்வாய்க்கிழமை அடுப்படியில் தேங்காய், ஸ்டோர் ரூமில் வடை. 12.40க்குச் செய்தி வந்தது. 12.41க்கு இன்னொன்று. 12.42க்கு இன்னொன்று. மூன்றும் ஸ்டோர் ரூமிலிருந்து. அடுப்படிப் பெட்டி பச்சையாகவே இருந்தது.

மூன்று முறை மின்சாரம் பட்டும் எந்த எலி விடாமல் வரும்?

ஈரத்தால் வந்த கோளாறு என்றார் தனக்குத்தானே. தகடுகளைக் கழற்றி உலர்த்தி மாட்டினார். மீட்டர் வைத்துச் சோதித்தார். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. புதன்கிழமை ஐந்து செய்திகள் வந்தன. 12.40லிருந்து 12.44 வரை, நிமிடத்துக்கு ஒன்று. மாலையில் வடையில் பாதி இல்லை. பெட்டிக்கு முன்னால் தரையிலும் வெள்ளைச் சொட்டுகள்.

நேரே மதிலுக்குப் போனார். ஷஃபீனா அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மத்தியானம் எங்க வீட்டுக்குள்ள யாராச்சும் போனதைப் பாத்தீங்களா?"

"பூட்டின வூட்டுக்குள்ள யாரு தம்பி போவா?"

"எலிக்கு வச்ச வடையை யாரோ கடிச்சிருக்காங்க."

முறம் நின்றது.

"வடையா வச்சீங்க?"

"மசால்வடை."

"எங்க? ஸ்டோர் ரூம்லயா?"

"ஆமா. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல... தேங்கா வைங்க. வடை வேணாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டு ரசத்தில் உப்புக் குறைந்தால் நாலாவது வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட தெருவில் ஷஃபீனா அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

கதிரவன் சார் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனம் முழுக்க வெள்ளிக்கிழமையில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, என்ன எலி என்று கண்ணால் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார்.

ஹாலில் ஸ்டோர் ரூமுக்கு நேராக நாற்காலி. ஸ்டோர் ரூம் கதவு முழுக்கத் திறந்திருந்தது. பெட்டிக்குள் சூடான வடை. வெளியே நல்ல வெயில்.

12.25. பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது. முடிந்தது.

12.33. மீன்காரர் வண்டி தெருவைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு தெருவில் ஓர் ஓசையும் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

12.38. வாடை வந்தது. முதலில் பூண்டு. பிறகு வசம்பு. பிறகு பால்...

அன்று அவர் நெடுங்காட்டுக்குப் போயிருக்கவில்லை.

12.39. பின்கட்டிலிருந்து தரையைத் தேய்த்து நடக்கும் ஓசை. சர்ர்... நின்றது. சர்ர்... நின்றது. உடம்பு நோகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, அப்படி.

யாரும் இல்லை.

'சொட்.'

சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைச் சொட்டு. அவர் கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. அந்தச் சொட்டு கூரையிலிருந்து வரவில்லை. ஆள் மார்பு உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து விழுந்தது.

'சொட்.' ஓரடி தள்ளி.

'சொட்.' இன்னும் ஓரடி.

ஸ்டோர் ரூமுக்குள் போனது.

"ம்ம்..." என்று ஒரு முனகல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காரும்போது வருவது. பிரசவமான புதிதில் சிவப்ரியா இப்படித்தான் உட்காருவாள்.

12.40.

'டிக்.'

பச்சை சிவப்பானது.

"ஸ்ஸ்..."

சூடான சட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறும் ஓசை. பெண்ணின் ஓசை.

அவருக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

12.41. 'டிக்.' "ஸ்ஸ்..."

வடையின் மேலோடு உடையும் ஓசை. மெல்லும் ஓசை. அவசர அவசரமாக... நாள்கணக்கில் பசித்திருந்தவர்கள் மெல்வது போல.

12.42. 'டிக்.'

இந்த முறை அழுகையும் சேர்ந்து வந்தது. வலிக்கிறது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. பசி.

கதிரவன் சாருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. என்ன துணிச்சலில் பேசினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

"அதுல கை வைக்காதீங்க... அது எலிக்கு வச்சது."

மெல்லும் ஓசை நின்றது.

சர்ர்...

'சொட்.' ஸ்டோர் ரூம் வாசலில்.

'சொட்.' ஹாலில்.

'சொட்.' அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால்.

முகத்தில் சூடாக ஒரு மூச்சு. மசால்வடை வாடையோடு.

கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மணி 12.47. தெருவில் காக்கை கத்தியது.

ஒரு மணிக்குள் இரண்டு பெட்டிகளையும் பையில் கட்டிக் கல்லூரி ஆய்வகத்தில் கொண்டுபோய்ப் போட்டார். தரையை மூன்று முறை கழுவினார். சாயங்காலம் சிவப்ரியா போன் செய்தாள்.

"எலி போச்சாங்க?"

"போச்சு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வர மாட்டாள். ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், பிறகு வேறு வீடு பார்த்தபின்... செம்பியன் அவர் முகத்தை மறந்தேபோவான். தவிர, அது இனி வராது என்று அவருக்கு ஒரு நினைப்பு. சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்லியாகிவிட்டது அல்லவா?

"ஒண்ணும் இல்ல ப்ரியா. வா."

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு ஆரத்தி எடுத்துக் குழந்தை உள்ளே வந்தது. மாமனாரும் மாமியாரும் பதினொரு மணிக்குத் திரும்பிப் போனார்கள். 12.15க்குக் கல்லூரியிலிருந்து போன். தேர்வுத் தாளில் கையெழுத்து வேண்டும், உடனே வர வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று பார்த்தார். முடியவில்லை. வாசல்படியில் நின்று, ஸ்டோர் ரூம் பக்கம் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாள். விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

திரும்பியபோது மணி 1.05. சிவப்ரியா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் தூங்கியது. அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"ரெண்டு மாசத்துக்கப்புறம் இன்னைக்குத்தாங்க சூடா உக்காந்து சாப்பிட்டேன். அந்த அக்கா புண்ணியத்துல."

"எந்த அக்கா?"

"எதிர்வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ புதுசா வந்தவங்க போல... பின்கட்டு வழியா வந்தாங்க. 'புள்ளைய ஒரு நிமிஷம் குடு, நீ போய்ச் சாப்புடு, பசியோட இருக்காத'ன்னாங்க. குடுத்தேன்."

"குடுத்தியா?"

"ஏன் கத்துறீங்க? அவங்களும் புள்ள பெத்த உடம்புங்க. காதுல பஞ்சு, தலையில துணி கட்டியிருந்தாங்க. பாவம், ரொம்ப மெலிஞ்சுபோய்..."

"எத்தனை மணிக்கு?"

"நீங்க போயி கொஞ்ச நேரத்துல. பன்னெண்டரை, பன்னெண்டே முக்கா இருக்கும். ஸ்டோர் ரூம்ல உக்காந்து வச்சிருந்தாங்க. நான் சாப்பிட்டுட்டு வர்றேன், புள்ளையப் பாயில போட்டுட்டுப் போயிட்டாங்க."

பின்கட்டுக் கதவு. அதில் வியாழக்கிழமை அவர் கையாலேயே பூட்டுப் போட்டிருந்தார். பூட்டு அப்படியே தொங்கியது.

குனிந்து குழந்தையைப் பார்த்தார். கடைவாயில் பால் வழிந்திருந்தது.

"பால் குடுத்தியா?"

"இல்லீங்க. பத்தரைக்குக் குடுத்ததுதான். இன்னும் பசிக்கல போலிருக்கு."

சட்டையில் ஒரு பொத்தான் போடாமலே ஷஃபீனா அக்கா வீட்டுக்கு ஓடினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துச்சா தம்பி?"

"யாருக்கா அது?"

"நீங்க வாடகை குடுக்குற வூட்டுக்காரரு சிவராமன் பொண்டாட்டி. நிலான்னு பேரு. ஆறு வருஷம் ஆச்சு. இதே மாசிதான். தாய் இல்லாத புள்ள, அதனால பிரசவமும் நீங்க இருக்கிற வூட்டுலயே. பத்தியம் பத்தியம்னு மாமியா சொர்ணாம்பா அதுக்குப் பூண்டையும் ரசஞ்சோத்தையும் தவிர எதையும் கண்ணுல காட்டல. இருவத்திரெண்டாம் நாளு... சொர்ணாம்பா மசால்வடையில மருந்து வச்சு ஸ்டோர் ரூம்ல போட்டுட்டு வெளிய போயிருக்கு. எலிக்கு வச்சதை வாயால சொல்லுவாங்களா? சொல்லல."

கதிரவன் சார் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் லுஹர் தொழுதுட்டு வெளிய வர்றேன். இந்த மதில்ல வந்து நின்னு, 'அக்கா, இன்னைக்கு எங்க வூட்டுல வடை. ஒளிச்சு வச்சிருந்தாங்க, நான் கண்டுபுடிச்சுத் தின்னுட்டேன்'னு சிரிக்குது. எனக்கு மட்டும் தெரியுமா தம்பி? போய்ட்டு வான்னு நானும் சிரிச்சேன். நாலாம் நாளு மவுத், உசுரு போயிருச்சு. 'ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா'ன்னுதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம்."

"இதை ஏன்க்கா எங்கிட்ட யாருமே சொல்லல?"

எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. வீடு எப்படி என்று அவர் கேட்டு வந்தபோது, நல்ல காற்றோட்டம் என்று மட்டும்தான் எல்லோரும் சொன்னோம்.

வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினார்.

"அவங்க குழந்தை என்னாச்சு?"

ஷஃபீனா அக்கா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வடையைத் தின்னுட்டு, தெரியாம, உடனே போய்ப் புள்ளைக்குப் பால் குடுத்திருக்கு தம்பி. நிலா போறதுக்கு முந்தின நாளே அந்தப் புள்ள போயிருச்சு."

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே அவர்கள் செம்பியனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அங்கிருந்து நேரே நெடுங்காட்டுக்குப் போய்விட்டார்கள். சாமான்களை ஆள் வைத்துத்தான் எடுத்தார்கள். வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

செம்பியனுக்கு இப்போது எட்டு மாதம். கொழுகொழுவென்று இருக்கிறான். தவழ்கிறான். எல்லா வேளையும் நன்றாகப் பால் குடிக்கிறான், ஒரு வேளையைத் தவிர.

மத்தியானம் 12.40க்கு யார் மடியில் இருந்தாலும் விளையாட்டை நிறுத்திவிடுகிறானாம். சிவப்ரியா மார்பில் அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். கண் பாதி மூடிக்கொள்ளும். வாய் குவிந்துகொள்ளும். எதிரே ஒருவரும் இல்லை...

தொண்டையில் மட்டும் விழுங்கும் ஓசை கேட்கிறதாம்.

'மடக்... மடக்... மடக்...'